தானா இறங்கட்டும்

எலும்புகளைத் தோள் உயரத்திலிருந்து குக்கருக்குள் போட்டாள். அலுமினியத்தில் எலும்பு மோதிய சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது. கையை அந்தரத்திலேயே நிறுத்தி உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்தாள். ஒரு முனகல்கூட இல்லை. இன்னும் இரண்டு எலும்பை எடுத்தாள். இந்தத் தடவை ஓங்கியே போட்டாள்.

'மெதுவாப் போடு! அடி நெளிஞ்சா அடுப்புல ஒழுங்கா உட்காருமா அது?' என்று உள்ளே படுத்திருக்கும் புருஷன் கத்தியிருக்க வேண்டிய நேரம் அது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

மகள்தான் வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"என்னம்மா பண்றே?"

"பார்த்தாத் தெரியலையா? சூப்பு வைக்கிறேன்."

"யாருக்கு?"

"உங்கப்பாவுக்கு."

"தண்ணியே உள்ளே போகலைன்னு பஞ்சுல நனைச்சு உதட்டுல ஒத்திட்டிருக்கோம். நீ சூப்பு வைக்கிறியா?"

"குடிக்கிறதுக்கில்ல."

"பின்னே எதுக்கு?"

அவள் வெங்காயத்தை எடுத்துப் பலகையில் வைத்து வேண்டுமென்றே டமடமவென்று வெட்டினாள். மகள் சற்று நேரம் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டியவளாக அப்பாவிடம் போய்விட்டாள்.

அவர் பாய்லர்காரர். சோப்பு ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை ஒரே பாய்லர். அந்த இரைச்சலுக்கு முன்னால் நின்று மனுஷன் மாதிரி பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. அதனால் அங்கே பாதிப் பேச்சு கத்தல், மீதிப் பேச்சு கை ஜாடை. இரண்டையுமே அவர் வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை வலப்பக்கம் திருப்பினால், தீயைக் குறை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்துக் காற்றை இரண்டு அழுத்து அழுத்தினால், பொறு, அவசரப்படாதே. வாயில் சோறு இருந்தாலும் சரி, காதில் போன் இருந்தாலும் சரி, குக்கர் ஒரு விசில் அதிகமாகக் கொடுத்துவிட்டால் முதலில் கை பேசும். கையை அவள் கவனிக்கவில்லை என்றால் அடுத்தது வாய். அந்த வாய்க்கு மாடி வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அழும்.

"அது வாயா, சேஃப்டி வால்வா?" என்பாள் அவள்.

"வால்வு இருக்கிறதாலதான்டி வீடு இருக்கு," என்பார் அவர்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவசரத்துக்கு இடுக்கியால் வெயிட்டைத் தூக்கிவிட்டாள். ஆவி சீறியதும் பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். இடுக்கியைத் தட்டிவிட்டார். அது அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. "தானா இறங்கட்டும்! உனக்கு என்ன ரயிலா புறப்படுது?" என்று அவர் போட்ட சத்தத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஆலையில் நெட்டை என்ற ஒருவர் அழுத்தம் இறங்கும் முன்பே ஒரு மூடியைத் தளர்த்தப் போய், முகத்தில் பாதியைப் பறிகொடுத்தார். அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று அவளே கூப்பிட்டு இவருக்குச் சோறு போட்டாள். மறுநாளே அவர் இந்த உள்மூடிக் குக்கரை வாங்கி வந்தார். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை என்ன குட்டிக்கரணம் போட்டாலும் மூடி அசையாது. அடங்கியதும் தானே தளர்ந்து டக்கென்று கீழே இறங்கும். "உனக்கு மூளை இல்லாட்டியும் இதுக்கு இருக்கு," என்று சொல்லிக் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனை நோய் முதலில் அடித்தது வயிற்றில் என்றுதான் டாக்டர் சொன்னார். அவளைக் கேட்டால் வாயில் என்பாள். திட்டுவது குறைந்தது. கொடுத்ததைக் குடித்தார். ஒருநாள் கவனம் இல்லாமல் வைத்த சூப்பு சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது. திட்டு வாங்கத் தயாராகவே கொண்டுபோய்க் கொடுத்தாள். எப்போதும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிகிறதா என்று பார்க்கிறவர். தெரியாவிட்டால் டம்ளர் திரும்பி வரும். அன்று பார்க்கவே இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றார். அவள் காலி டம்ளரோடு அடுப்படிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். டாக்டர் அவளிடம் எதையும் மறைத்துப் பேச வேண்டிய அவசியமே அதன் பிறகு இருக்கவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது முந்தாநாள் நடந்தது. முகத்தைத் துடைத்துவிட்டுத் தலையணையைத் திருப்பி வைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார். அவளை நேராகப் பார்த்தார். வறண்ட உதட்டால், மரியாதையாக, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"ரொம்ப நன்றி சிஸ்டர்."

அத்தோடு கண்ணை மூடியவர்தான். இன்று வரை திறக்கவில்லை. பேச்சு இல்லை, மூச்சு மட்டும் இருக்கிறது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சண்டையை ஆயிரம் விதமாகப் போட்டு வாழ்ந்த மனுஷன், கட்டின பெண்டாட்டியை நர்ஸ் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவதா? விடுவாளா அவள்? காலையில் முதல் வேலையாகக் கறிக்கடைக்குப் போய் மூட்டெலும்பும் காலெலும்பும் வாங்கி வந்துவிட்டாள்.

சரியாக வைப்பது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எலும்பைத் தனியாக ஒரு கொதி விட்டு, மேலே திரளும் அழுக்கு நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அலசி, புதுத் தண்ணீர் ஊற்றி, வெங்காயம், இஞ்சி, மிளகு, சத்து இறங்க ஒரு கரண்டி வினிகர். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதுவும் போகக் கூடாது. ஆவி வந்த பிறகு வெயிட் போட்டு, ஒரு விசில் வந்ததும் தீயை அடியோடு குறைத்து, அது உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நெடுநேரம் கிடக்க வேண்டும். அணைத்த பிறகும் தொடக் கூடாது. இடையில் ஆவியை விட்டால் உள்ளே தளதளவென்று கொதித்து எல்லாம் கலங்கிவிடும். பொறுத்தால் தெளிந்து நிற்கும். ஆறினால் கரண்டியில் கட்டியாக ஆடும்.

இன்று ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்தாள். முதல் கொதியைக் கொட்டவில்லை. தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றினாள். ஆவி வரும் முன்பே வெயிட்டை மாட்டினாள். தீயை முழுசாகத் திருப்பினாள். சுடர் குக்கரின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறியது. செய்யச் செய்ய அவளுக்கே பயமாக இருந்தது. அடுப்படிக் கதவையும் அறைக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அப்போதுதான் உள்ளே வந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். மகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்.

"பாதம் சில்லிட ஆரம்பிச்சிருச்சும்மா. இனிமே ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. எங்கேயும் நகராதீங்க."

மகள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அம்மாவுக்குக் கண்ணீர் வரவில்லை. காது முழுக்க அடுப்படியில் இருந்தது.

முதல் விசில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அசைவில்லை. இரண்டாவது விசில், மூன்றாவது விசில். மூச்சு வந்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி வந்தது. புருவம் அப்படியே கிடந்தது.

"அம்மா, குக்கர்," என்றாள் மகள்.

"கேக்குது."

"போய் அணைச்சிட்டு வரேன்."

"உட்காரு."

"என்னம்மா இது? இந்த நேரத்துல இந்தச் சத்தம் தேவையா? நிம்மதியாப் போகட்டும்மா அவரு!"

மகள் எழுந்துவிட்டாள். அவள் எட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்த இழுப்பில் வளையல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது.

"அடுப்புல கை வச்சே, நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஆமாடி. பிடிச்சிருக்கு. என்னை சிஸ்டர்னு கூப்பிட்டாருடி உங்கப்பா! கண்ணைப் பார்த்துச் சொன்னாரு. நன்றி சிஸ்டர்னு சொன்னாரு. அதைக் கேட்டுட்டு நான் எப்படிடி மிச்சக் காலத்தை ஓட்டுவேன்? ஒரு தடவை திட்டட்டும். அறிவிருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அப்புறம் எங்கே வேணாலும் போகட்டும்."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குக்கர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மகள் மெல்லக் குனிந்து உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு அப்பாவின் காலருகே பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். அடுப்படிப் பக்கம் போகவில்லை.

வாசலில் மாடி வீட்டுக்காரி தலையை நீட்டினாள். "அக்கா, குக்கர் விடாமக் கத்துதே, யாரும் வீட்டுல இல்லையோன்னு..." என்று ஆரம்பித்தவள், உள்ளே பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

இப்போது விசிலுக்கு இடைவெளியே இல்லாமல் போயிற்று. வெயிட் ஒரேயடியாக அலறியது. ஆவி அடுப்படியை நிறைத்துக் கூடத்துக்கு வந்தது. அதோடு எலும்பு வேகிற வாசனையும் வந்தது. முதல் கொதியைக் கொட்டாததால் கவிச்சி தூக்கலாக இருந்தது. எங்கே வெடித்துத் தொலைக்குமோ என்று அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள்.

"என்னங்க. கேக்குதா? முழுத் தீயில வச்சிருக்கேன். தண்ணி கழுத்து வரைக்கும் இருக்கு. நுரையை எடுக்கல."

மூச்சு ஒன்று வந்தது. போனது.

"என்னங்க, நான்தான். வேற யாரு இப்படி வைப்பா? சொல்லுங்க, வேற யாரு வைப்பா? இப்போ போய் வெயிட்டைத் தூக்கப் போறேன். இடுக்கியை எடுக்கிறேன். ஆமா, தூக்கத்தான் போறேன்."

மூச்சு வரவில்லை. நர்ஸ் ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு, ஏதோ தூரத்திலிருந்து நடந்து வந்தது மாதிரி, மறுபடி ஒன்று வந்தது. அதோடு புருவங்களுக்கு நடுவே ஒரு சுருக்கம் விழுந்தது. அந்தச் சுருக்கத்தை அவளுக்குத் தெரியாதா? சவர நுரையோடு ஓடி வந்த முகத்தில் இருந்த அதே சுருக்கம்.

போர்வைமேல் கிடந்த வலது கை அசைந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் துணியைத் தேடி ஒன்றாகச் சேர்ந்தன. மணிக்கட்டு திரும்பியது.

"பார்த்தியா! பார்த்தியாடி!" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

"அம்மா," நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கடைசி நேரத்துல எல்லாருக்கும் விரல் இப்படித்தான் துணியைப் பிசையும். அவங்க தெரிஞ்சு செய்யுறதில்ல..."

"வலப்பக்கம் திருப்பினாரு சிஸ்டர். நல்லாப் பாருங்க, வலப்பக்கம்."

விரல்கள் மறுபடி சேர்ந்தன, மறுபடி திரும்பின. வலப்பக்கம்தான். சொன்னதைச் செய்யாமல் இவள் இன்னும் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்கிற திருப்பல் அது. பிறகு விரல்கள் பிரிந்தன. உள்ளங்கை விரிந்து போர்வையை அழுத்தியது. சற்று நேரம் கழித்து இன்னொரு முறை அழுத்தியது, முதல் தடவையைவிட மெலிதாக.

"குறைக்கிறேன், குறைக்கிறேன்! இதோ போறேன், கத்தாதீங்க!" என்று எழுந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகம் கோணியது.

நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினாள். "போகாதீங்கம்மா. இங்கே இருங்க. சொன்னாக் கேளுங்க, நேரம் இல்ல."

"சொல்லிட்டாருல்ல? அப்புறம் போகாம?"

அந்தக் கையை விலக்கிவிட்டு ஓடினாள். வேறு எவளாக இருந்தாலும் அந்த நிமிஷத்தில் புருஷன் பக்கத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். அவளுக்கோ அவர் சொல்லி முடித்த பிறகு அடுப்பைக் குறைக்காமல் நிற்கத் தெரியாது. ஆவிக்குள் கையை விட்டுக் குமிழைப் பிடித்தாள். தீயைக் குறைத்தாள். வெயிட்டின் அலறல் சீறலாகி, சீறல் முணுமுணுப்பாயிற்று. பிறகு முழுசாக அணைத்தாள். அவசரத்தில் கை இடுக்கியை எடுத்து வெயிட் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. இடுக்கியை ஆணியில் மாட்டினாள். வீடு திடீரென்று அமைதியானது.

"அம்மா," என்றாள் மகள் உள்ளே இருந்து. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் போய்ப் பார்த்தபோது நர்ஸ் அவர் கழுத்தில் நாடி பார்த்த விரலை எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை போர்வைமேல் உள்ளங்கை கவிழ்ந்தபடி இருந்தது. அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. மகள் அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். போகும்போது பக்கத்தில் இல்லையே என்கிற எண்ணம் அப்போதுதான் வந்து நெஞ்சைப் பிடித்தது. பிடித்ததும் விடவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செருப்புகள் வாசலில் சேர்ந்தன. ஆலையில் கூட வேலை பார்த்த கிழவர்கள் இரண்டு மூன்று பேர் சுவரோரம் நின்று, பழக்க தோஷத்தில் ஒருவருக்கொருவர் ஜாடையிலேயே பேசிக்கொண்டார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ போன் பேசினார்கள். மாடி வீட்டுக்காரி வந்தவர்களுக்குத் தேநீர் போடலாம் என்று அடுப்படிக்குள் போனாள். குக்கர் அடுப்பை அடைத்துக்கொண்டிருந்தது. ஆணியிலிருந்து இடுக்கி உரசி எடுபடும் சத்தம் உள்ளறை வரை கேட்டது.

"தொடாதே!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம் அவளிடமிருந்து வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. மாடி வீட்டுக்காரி இடுக்கியோடு கதவருகே வந்தாள்.

"இல்லக்கா, வெயிட்டை லேசாத் தூக்கி ஆவியை விட்டுட்டு..."

"தானா இறங்கட்டும்."

"இறங்குற வரைக்கும் காத்திருந்தா நேரம் ஆகுமேக்கா."

"ஆகட்டும். உனக்கு என்ன ரயிலா புறப்படுது?"

மாடி வீட்டுக்காரி இடுக்கியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பேச்செல்லாம் மறுபடி தணிந்தது. குளிப்பாட்ட வேண்டும், வேட்டி மாற்ற வேண்டும், யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அவள் கவிழ்ந்த கையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யார் வந்து துக்கம் விசாரித்தாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெயில் ஜன்னலுக்கு ஏறும்போது அடுப்படியில் டக்கென்று சத்தம் கேட்டது. மூடி இறங்கிவிட்டது. வேறு யாருக்கும் அது காதில் விழவில்லை. அவள் தரையில் கை ஊன்றி எழுந்து போனாள்.

மூடியைச் சரித்து வெளியே எடுத்தாள். கலங்கலாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. வெங்காயம் இருந்த இடம் தெரியவில்லை. நுரை திப்பிதிப்பியாக விளிம்பில் ஒட்டியிருந்தது. பின்னாலேயே வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"இதை என்னம்மா பண்றது? கொட்டிடட்டுமா?"

"துணியை எடு."

மகள் அலமாரியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு பாத்திரத்தின் வாயில் துணியை விரித்து, மகளைப் பிடிக்கச் சொல்லி, அகப்பை அகப்பையாக ஊற்றினாள். எலும்பைத் தனியே வைத்தாள். துணியை அலசிப் பிழிந்து மறுபடி விரித்தாள், மறுபடி ஊற்றினாள். மகள் மூலைகளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

கண்ணாடி டம்ளரைத் தேடி எடுத்துக் கொஞ்சம் ஊற்றி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கம்பி தெரியவில்லை. டம்ளரில் இருந்ததைத் திரும்பக் குக்கரிலேயே ஊற்றினாள். துணியை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள்.

உள்ளே பேச்சுக் குரல்கள் உயர்ந்தன. வாசலில் வண்டி வந்து நின்றது. ஆலைக் கிழவர்களில் ஒருவர் அடுப்படி வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, வண்டி வந்தாச்சு. எல்லாரும் காத்திருக்காங்க. தூக்கணும்மா."

அவள் திரும்பவில்லை. வலது கையில் அகப்பை இருந்தது. இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, காற்றை இரண்டு முறை அழுத்தினாள்.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய், கூடத்தில் எழுந்து நின்றவர்களுக்குத் தன் கையையும் அதே மாதிரி காட்டினார்.